கீபோர்டு கட்டையை அமுக்கினால் கணினிக்குள் என்ன வந்து சேரும்?

இசைக் கீபோர்டின் பின்பக்கம் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையில் கேபிளைச் சொருகி, மறுமுனையைக் கணினியில் மாட்டிவிட்டு ஒரு கட்டையை அமுக்குகிறவர்கள் முதலில் எதிர்பார்ப்பது சத்தத்தை. கணினியிலிருந்து பெரும்பாலும் ஒரு சத்தமும் வராது. கேபிள் சரியில்லையோ, கீபோர்டில் ஏதாவது கோளாறோ என்று தோன்றும். இரண்டும் இல்லை. அந்தக் கேபிள் வழியாகக் கட்டைக்காக வருவது மூன்று எண்கள் மட்டும். ஒரு கட்டை சுருதியின் நடு ஸ்தாயி ஷட்ஜத்தை, அதாவது நடுவில் இருக்கும் சி கட்டையை, ஓரளவு அழுத்தமாக அமுக்கினால் 144, 60, 87 என்பதுபோல வரும். விரலை எடுத்தால் 128, 60, 64. அவ்வளவுதான்.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பொழுதுபோக்காக எழுதும் புரோகிராமில் நிறைய செய்யலாம். வாசிப்பதை உடனுக்குடன் ஸ்வரமாகத் திரையில் காட்டலாம். எடுத்துக்கொண்ட ராகத்தை விட்டு விரல் வெளியே போனால் திரை சிவப்பாகும்படி செய்யலாம். கட்டைகளை வைத்தே ஒரு சின்ன விளையாட்டை ஓட்டலாம். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ ஒரு லூப்பும் நாலு நிபந்தனையும் எழுதத் தெரிந்திருந்தால் இதற்குப் போதும். சங்கீத ஞானம் கொஞ்சம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன

இந்த ஏற்பாட்டின் பெயர் மிடி (MIDI). இசைக்கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் பொது மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் சிந்தசைசர்களை (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவிகளை) இணைக்கத் தனி வழி வைத்திருந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டில் வாசித்து இன்னொரு கம்பெனியின் கருவியை ஒலிக்க வைப்பது பெரிய பாடு. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸை நடத்திவந்த டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி ஆகியோரும் வேறு சில ஜப்பானிய கம்பெனிகளும் பேசி ஒரு பொது வழிக்கு வந்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் புராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 இரண்டையும் ஒரே கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் முழு விதிமுறையும் அச்சில் வந்தது. 2013இல் ஸ்மித்துக்கும் ககேஹாஷிக்கும் இதற்காகத் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அது மலிவாக இருந்தாக வேண்டும். அதனால் வேகத்தை நொடிக்கு 31,250 பிட் என்று வைத்தார்கள். எண் விசித்திரமாகத் தெரியலாம். அன்றைய சிப்புகளில் கிடைத்த 1 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 32ஆல் வகுத்தால் சரியாக இதுதான் வரும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பைட் போக முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட் சேர்த்து மொத்தம் 10 பிட் ஆகும். ஆக ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோவிநாடி, மூன்று பைட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. இவ்வளவு மெதுவான கம்பியில் ஒலியலையை அனுப்பவே முடியாது. ‘இந்தக் கட்டை இவ்வளவு வேகமாக இறங்கியது’ என்ற தகவலை மட்டும் அனுப்பலாம். இன்றைக்கு யுஎஸ்பி இதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனாலும் உள்ளே போகிற செய்தி அதே மூன்று எண்கள்தான். 2020இல் மிடி 2.0 வந்திருக்கிறது, அதில் எண்கள் இன்னும் நுட்பமானவை. வீட்டில் இருக்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் பழைய மொழியையே பேசுகின்றன என்பதால் அதைப் படிப்பதே முதலில் உதவும்.

மூன்று எண்களைப் பிரித்துப் படிப்பது

ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட். ஆகவே 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். இதை மிடி நடுவே இரண்டாக வெட்டியிருக்கிறது. 128க்குக் குறைவாக இருந்தால் அது தகவல். 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘இங்கே ஒரு செய்தி தொடங்குகிறது, அதன் வகை இது’ என்று பொருள். ரொம்ப எளிய விதிதான், ஆனால் கேபிளை வாசிப்பின் நடுவே சொருகினாலும் எங்கே செய்தி தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிட முடிவது இதனால்தான். கட்டை எண், வேகம் எல்லாம் 127ஐத் தாண்டாததற்கும் இதுவே காரணம்.

முதல் எண்ணில் வகை, சேனல் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சேனல் என்பது ஒரே கேபிளில் வெவ்வேறு கருவிகளுக்கான செய்திகளைப் பிரித்துக் காட்டும் எண். மிடியில் 16 சேனல்கள். 144 என்றால் முதல் சேனலில் கட்டை அமுக்கப்பட்டது, 145 என்றால் இரண்டாவது சேனலில், அப்படியே 159 வரை. கட்டை விடப்பட்டதற்கு 128 முதல் 143 வரை. ஆகவே 16ஆல் வகுத்தால் வரும் மீதி சேனல், அந்த மீதியைக் கழித்தால் மிச்சம் வகை. 147 வந்தால் மீதி 3, வகை 144. புரோகிராமுக்குள் சேனலை 0 முதல் 15 என்றும், கீபோர்டின் திரையில் 1 முதல் 16 என்றும் எழுதுவது வழக்கம். ஒன்று வித்தியாசம் வருகிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது எண் கட்டை. 60 என்பது நடு ஸ்தாயியின் சி, நம் வழக்கில் ஒரு கட்டை. அடுத்திருக்கும் கறுப்புக் கட்டை 61, அதற்கடுத்த வெள்ளைக் கட்டை 62. 88 கட்டை உள்ள பியானோவில் இடது கோடி 21, வலது கோடி 108. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 61 கட்டை கீபோர்டில் வழக்கமாக 36 முதல் 96. ஆக்டேவ் பொத்தானை அமுக்கி மேலே கீழே நகர்த்தினால் இந்த எல்லைகளும் பன்னிரண்டு பன்னிரண்டாக நகரும். ஆகவே ‘என் கீபோர்டில் கடைசிக் கட்டை 96’ என்று புரோகிராமில் ஆணியடித்து வைக்காதீர்கள்.

மூன்றாவது எண் வேகம், மிடி இதை வெலாசிட்டி என்கிறது. எவ்வளவு அழுத்தினோம் என்பதை அளப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் அழுத்தத்தை அளக்கும் கருவி கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், பிறகு மற்றது. இரண்டுக்கும் நடுவே கழிந்த நேரத்தைக் கீபோர்டுக்குள் இருக்கும் சிப் அளந்து 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்குகிறது. நேரம் குறைந்தால் எண் கூடும். இந்த ஏற்பாடு இல்லாத கீபோர்டு எப்படி அமுக்கினாலும் ஒரே எண்ணை அனுப்பும். அதற்கு விதி சொல்லும் எண் 64.

முதல் புரோகிராம்: சத்தம் வேண்டாம், எண்களைக் காட்டினால் போதும்

ஆர்வத்தில் எல்லாரும் நேராக ஒலிக்குப் பாய்வார்கள். என் யோசனை வேறு. முதல் புரோகிராம் வந்த எண்களைத் திரையில் அச்சிடட்டும், வேறெதுவும் செய்ய வேண்டாம். ஒலி வந்தால் அதோடு சேர்ந்து வேறு பத்துப் பிரச்சினைகள் வரும், எது கீபோர்டின் குற்றம், எது ஒலியின் குற்றம் என்று பிரிக்க முடியாது.

பைத்தானில் மிடோ என்ற நூலகம் (பிறர் எழுதி வைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம் தொகுப்பு) இருக்கிறது. அது தானே கீபோர்டோடு பேசாது, ஆர்டிமிடி என்ற இன்னொரு நூலகத்தின் தோளில் ஏறிக்கொண்டு பேசும். அதனால் இரண்டையும் நிறுவ வேண்டும். ஆர்டிமிடி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அந்தந்த இயங்குதளத்தின் மிடி பகுதியோடு பேசித் தருகிறது, நமக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை. நிறுவ எதுவும் வேண்டாம் என்றால் பிரவுசரே போதும். குரோமில் 2015இலிருந்தே மிடி இருக்கிறது, ஃபயர்பாக்ஸில் 2022 கடைசியில் வந்தது. சஃபாரியில் கிடையாது, அதனால் ஐபோனில் இந்த வழி எடுபடாது. பிரவுசர் முதலில் உங்களிடம் அனுமதி கேட்கும், கொடுத்தால்தான் கீபோர்டு கண்ணில் படும்.

எதில் எழுதினாலும் வேலை ஒன்றுதான். கணினியில் இருக்கும் மிடி போர்ட்டுகளின் பெயர்களைக் கேட்டு வாங்குவது, அதில் உங்கள் கீபோர்டைத் தேர்ந்து திறப்பது, அப்புறம் செய்தி வர வர அச்சிடுவது. பெயர்ப் பட்டியலில் நீங்கள் மாட்டாத ஏதேதோ பெயர்களும் இருக்கும். லினக்ஸில் ‘மிடி த்ரூ’ என்று ஒன்று எப்போதும் உட்கார்ந்திருக்கும். அது ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியைக் கடத்தும் வெறும் குழாய். பட்டியலில் முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கும் புரோகிராம் இதைத் திறந்துவிட்டு எதுவும் வரவில்லையே என்று காத்திருக்கும். பெயரில் உங்கள் கீபோர்டின் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று தேடித் திறப்பது நல்லது. விண்டோஸில் இன்னொரு தொல்லை உண்டு. வேறொரு இசை மென்பொருள் அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் பல நேரம் உங்களால் திறக்க முடியாது. பிழைச்செய்தியும் தெளிவாக இருக்காது. மற்றவற்றை மூடிவிட்டுப் பாருங்கள்.

கட்டையைத் தொடாமலேயே திரையில் எண்கள் ஓடினால் பயப்பட வேண்டாம். சில கீபோர்டுகள் ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று சொல்ல 254 என்ற ஒற்றை எண்ணை நொடிக்குப் பலமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். தாளத்தை ஒருங்கிணைக்க 248 என்ற எண் ஒரு அடிக்கு 24 முறை வரும். 240 முதல் மேலே உள்ளவை எல்லாம் இப்படிப் பொதுவான செய்திகள், சேனலோ கட்டையோ இல்லாதவை. சில நூலகங்கள் இவற்றைத் தாமே வடிகட்டிவிடும். இல்லாவிட்டால் நீங்கள் தள்ளிவிடுங்கள்.

பூஜ்ய வேகம்

புதிதாக எழுதுகிறவர்களைத் திகைக்க வைக்கும் விஷயம் இது. கட்டையை விட்டால் 128 வரும் என்று சொன்னேன். எல்லா கீபோர்டிலும் வராது. பல கீபோர்டுகள் விடும்போதும் 144ஐயே அனுப்பும், வேகத்தை மட்டும் 0 என்று வைக்கும். 144, 60, 0 என்றால் 60ஆம் கட்டை விடப்பட்டது என்று பொருள். விதிமுறையே இதை ஒப்புக்கொள்கிறது.

ஏன் இந்தச் சுற்றுவழி? அந்த மெதுவான கம்பியை நினைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த செய்திகள் ஒரே வகையாக இருந்தால் முதல் எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம், தகவல் எண்கள் இரண்டு மட்டும் போதும் என்று மிடியில் ஒரு சலுகை இருக்கிறது. அமுக்குவதும் விடுவதும் ஒரே 144ஆக இருந்தால் வேகமாக வாசிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மிச்சம். நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு விட்டுப்போன முதல் எண்ணை அதுவே நிரப்பிக் கொடுத்துவிடும். அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் பழைய ஐந்து முள் மிடி சாக்கெட்டை இணைத்து ஒவ்வொரு பைட்டாக நீங்களே படித்தால், கடைசியாக வந்த வகையை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை உங்களுடையது.

பூஜ்ய வேகத்தை மிடோ திருத்தித் தருவதில்லை, வந்ததை வந்தபடி கொடுக்கும். அதனால் செய்தியைப் படித்த மறுவரியிலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்:

வகை 144, வேகம் 0ஐவிடப் பெரிது → கட்டை இறங்கியது
வகை 144, வேகம் 0 → கட்டை எழுந்தது
வகை 128 → கட்டை எழுந்தது

இதற்கப்புறம் வரும் எந்த வரியும் 144ஐயோ 128ஐயோ பார்க்கக் கூடாது. ‘இறங்கியது’, ‘எழுந்தது’ என்ற இரண்டை மட்டும் பார்க்கட்டும்.

கட்டை இன்னும் அமுங்கியிருக்கிறதா?

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கட்டையை ஒரு நிமிடம் அமுக்கியபடியே இருந்தால் அந்த ஒரு நிமிடமும் கீபோர்டு எதுவும் சொல்லாது. இறங்கியபோது ஒரு செய்தி, எழுந்தபோது ஒரு செய்தி, நடுவில் மௌனம். பேருந்து நடத்துநரின் விசில் மாதிரிதான் இது. இரண்டு விசில் கேட்டால் ஓட்டுநர் வண்டியை எடுப்பார், அடுத்து ஒற்றை விசில் வரும்வரை ஓட்டிக்கொண்டே இருப்பார். ஓட வேண்டும் என்பதற்காக நடத்துநர் விடாமல் ஊதிக்கொண்டிருப்பதில்லை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை நினைவில் வைத்திருப்பது கேட்பவரின் வேலை.

இங்கே கேட்பவர் உங்கள் புரோகிராம். 128 இடம் உள்ள ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் தொடக்கத்தில் 0. கட்டை இறங்கினால் அந்த இடத்தில் வேகத்தை எழுதுங்கள், எழுந்தால் மறுபடி 0. திரையில் படம் வரைகிற பகுதி, ராகம் சரிபார்க்கிற பகுதி, ஒலி எழுப்புகிற பகுதி எல்லாமே இந்தப் பட்டியலைப் பார்த்து நடந்துகொள்ளட்டும். ஒரே நேரத்தில் நான்கு கட்டைகளை அமுக்கினாலும் நான்கு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ‘சேர்ந்து அமுக்கப்பட்டது’ என்று ஒரு செய்தி மிடியில் கிடையாது. சேர்ந்திருப்பதைப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இப்படி நினைவில் வைப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. எழுந்த செய்தி வழியில் தொலைந்தால் அந்தக் கட்டை அமுங்கியே இருப்பதாக உங்கள் புரோகிராம் என்றென்றைக்கும் நம்பும். ஒலி எழுப்புகிற புரோகிராமாக இருந்தால் ஒரு ஸ்வரம் தம்பூரா மாதிரி ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கட்டையை அமுக்கியிருக்கும்போது கேபிள் கழன்றால் இப்படி ஆகும். அமுக்கியபடியே ஆக்டேவ் பொத்தானை மாற்றினால், சில கீபோர்டுகள் 60ஐ இறக்கிவிட்டு 72ஐ எழுப்பும், அப்போதும் ஆகும். பெரிய இசை மென்பொருள்களில் ‘பேனிக்’ என்று ஒரு பொத்தான் இருப்பது இதற்குத்தான். உங்கள் புரோகிராமிலும் ஒன்று வையுங்கள். பட்டியல் முழுவதையும் 0 ஆக்க ஒரு வரி போதும்.

காலால் மிதித்து ஒலியை நீட்டிக்கும் பெடல் வந்தால் கணக்கு கொஞ்சம் சிக்கலாகும். பெடல் செய்தியின் வகை 176, இரண்டாவது எண் 64, மூன்றாவது எண் 64 அல்லது மேலே இருந்தால் பெடல் அமுங்கியிருக்கிறது, குறைந்தால் இல்லை. பெடலை மிதித்திருக்கும்போது கட்டையை விட்டால், எழுந்த செய்தியைக் கீபோர்டு வழக்கம்போல அனுப்பிவிடும். ஒலியை நிறுத்தாமல் தாங்கிப் பிடிப்பது வாங்குகிற பக்கத்தின் பொறுப்பு. ஆகவே இரண்டாவதாக ஒரு பட்டியல் வேண்டும்: விரல் விட்டுவிட்ட, ஆனால் பெடல் பிடித்திருக்கும் கட்டைகள். பெடல் எழும்போது இந்த இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றை நிறுத்துங்கள், அவற்றில் இப்போது மறுபடி விரல் அமுக்கியிருப்பவற்றை மட்டும் விட்டுவிட்டு. இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் விட்டுவிடுவார்கள். ஸ்வரக் காட்டிக்கு மட்டும் என்றால் பெடலே தேவையில்லை, தைரியமாக ஒதுக்கிவிடலாம்.

எண்ணிலிருந்து ஸ்வரத்துக்கு

கட்டை எண்ணுக்கு சுருதி தெரியாது. எது ஷட்ஜம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு கட்டை சுருதி என்றால் ச = 60, ஒன்றரைக் கட்டை என்றால் 61, ஐந்து கட்டை என்றால் 67. அமுக்கிய எண்ணிலிருந்து ச-வின் எண்ணைக் கழித்து, 12ஆல் வகுத்து மீதியை எடுத்தால் ஸ்வரஸ்தானம் கிடைக்கும். மீதி 0 என்றால் ச, 1 சுத்த ரிஷபம், 4 அந்தர காந்தாரம், 5 சுத்த மத்யமம், 6 பிரதி மத்யமம், 7 பஞ்சமம், 11 காகலி நிஷாதம். ஒன்றரைக் கட்டையில் 68ஐ அமுக்கினால் 68 − 61 = 7, பஞ்சமம்.

ச-வுக்குக் கீழே போகும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. ச = 61, அமுக்கியது 60 என்றால் கழித்தால் −1. பைத்தானில் −1ஐ 12ஆல் வகுத்த மீதி 11, அதாவது சரியான காகலி நிஷாதம். ஜாவாஸ்கிரிப்டிலும் சி மொழியிலும் அதே கணக்குக்கு −1தான் வரும், பட்டியலில் அப்படி ஒரு இடம் கிடையாது. கழிப்பதற்கு முன்பே 120ஐக் கூட்டிவிட்டால் எந்த மொழியிலும் பிரச்சினை இல்லை.

மீதி 2 வந்தால் என்ன பெயர் காட்டுவது? சதுஸ்ருதி ரிஷபமும் அதுதான், சுத்த காந்தாரமும் அதுதான். 3, 9, 10 ஆகியவற்றுக்கும் இதே கதை. 12 இடங்களுக்கு 16 பெயர்கள் இருப்பதால் வெறும் கட்டையை வைத்துப் பெயரைத் தீர்மானிக்க முடியாது. மோகனத்தில் 2 என்றால் ரி, கனகாங்கியில் அதே 2 என்றால் க. ஆகவே புரோகிராமுக்கு ராகத்தையும் சொல்லிவிடுங்கள். மோகனம் எளிது: 0, 2, 4, 7, 9. அமுக்கிய கட்டையின் மீதி இந்த ஐந்தில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பத்துப் பதினைந்து வரியில் குழந்தைகள் மோகனத்தில் மட்டும் வாசித்துப் பழக ஒரு கருவி தயார்.

ஒலி வேண்டும் என்கிறவர்களுக்கு: 69ஆம் எண் 440 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு கட்டை ஏறவும் 1.05946ஆல் பெருக்க வேண்டும், இறங்க வகுக்க வேண்டும். பன்னிரண்டு ஏறினால் சரியாக இரட்டிப்பாகும். 60க்கு 261.63 ஹெர்ட்ஸ் வரும். வேகத்தை ஒலியளவாக்கும்போது 127ஆல் வகுத்து அப்படியே பயன்படுத்தினால் மெல்ல வாசிப்பதும் உரத்துக் கேட்கும். வகுத்து வந்ததை அதனோடேயே ஒருமுறை பெருக்கிப் பாருங்கள், காதுக்கு இயல்பாக இருக்கும்.

கட்டைகளுக்கு நடுவே இருக்கும் கமகத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்பவர்கள் இடது பக்கச் சக்கரத்தை நம்பியிருப்பது இதற்காகத்தான். அந்தப் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் வகை 224. இதில் கட்டை எண் கிடையாது, இரண்டு தகவல் எண்களும் சேர்ந்து சக்கரத்தின் நிலையைச் சொல்கின்றன. இரண்டாவது தகவல் எண்ணை 128ஆல் பெருக்கி முதலாவதைக் கூட்டினால் 0 முதல் 16,383 வரை கிடைக்கும், சக்கரம் நடுவில் நிற்கும்போது 8,192. முழுதாகத் தள்ளினால் பொதுவாக இரண்டு கட்டை இடைவெளி ஏறும், அது கருவியின் அமைப்பைப் பொறுத்தது. சக்கரம் ஒரு சேனல் முழுவதையும் அசைக்கும். கீழே ச-வைப் பிடித்துக்கொண்டு மேலே காந்தாரத்தை மட்டும் அசைக்க நினைத்தால் ச-வும் சேர்ந்து ஆடும்.

காத்திருப்பதா, அவ்வப்போது எட்டிப் பார்ப்பதா

செய்திகளை வாங்க இரண்டு வழிகள். ஒன்று, செய்தி வரும்வரை அதே வரியில் நின்று காத்திருப்பது. எண்களை அச்சிடும் முதல் புரோகிராமுக்கு இது போதும். திரையில் படம் ஓட வேண்டுமென்றால் நின்றுவிட முடியாது. படத்தை வரையும் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ‘ஏதாவது வந்திருக்கிறதா’ என்று கேட்டு, வந்த எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் என்பதைக் கவனியுங்கள். சுற்றுக்கு ஒன்று மட்டும் எடுத்தால் வேகமாக வாசிக்கும்போது வரிசை நீண்டுகொண்டே போய், விரல் நின்ற பிறகும் திரை ஆடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழி, செய்தி வந்ததும் கூப்பிடச் சொல்லி ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து வைப்பது. பிரவுசரில் இது ஒன்றுதான் வழி. பைத்தானில் அந்த ஃபங்ஷன் வேறொரு த்ரெட்டில் (முக்கிய லூப்புக்குப் பக்கத்தில் தனியாக) ஓடலாம் என்பதால் அதற்குள் படம் வரைவது, கோப்பு எழுதுவது போன்ற கனமான வேலைகளை வைக்காதீர்கள். வந்ததை ஒரு க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போட்டுவிட்டுத் திரும்பிவிடட்டும்.

நொடிக்கு 60 முறை சுற்றும் லூப்பில் எட்டிப் பார்த்தால் ஒரு செய்தி அதிகபட்சம் 17 மில்லிவிநாடி காத்திருக்கும். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. காதுக்கும் விரலுக்கும் வேறு கணக்கு, ஒருமுறை 2, மறுமுறை 16 என்று மாறி மாறி வந்தால் தாளம் நொண்டுவதை நன்றாக வாசிக்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒலியைப் பட லூப்போடு கட்டாமல் செய்தி வந்த உடனேயே தொடங்குங்கள். அதற்குமேல் தாமதம் இருந்தால் பழி பெரும்பாலும் ஒலி பஃபரின் மேல், அதாவது ஒலியைக் கணினி வெளியே விடுமுன் சேர்த்து வைக்கும் இடத்தின் மேல். ஒலி நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியலையின் சின்னச் சின்ன அளவீடுகள்) வேகத்தில் போகும்போது 256 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 6 மில்லிவிநாடி, 2,048 என்றால் 46. இரண்டாவதில் வாசிக்கவே எரிச்சலாக இருக்கும். மிடி மெதுவாக இருக்கிறது என்று பலர் திட்டுவது உண்மையில் இந்த பஃபரைத்தான்.

கையில் இசைக் கீபோர்டு இல்லாவிட்டால்

டைப் அடிக்கும் கீபோர்டை வைத்தே தொடங்கலாம். ஏ, எஸ், டி, எஃப் வரிசையை வெள்ளைக் கட்டைகளாகவும் மேல் வரிசையைக் கறுப்புக் கட்டைகளாகவும் வைத்துக்கொள்வது வழக்கம். அதில் வேகம் கிடையாது, எல்லாவற்றுக்கும் 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். அமுக்கியபடியே இருந்தால் கணினி அதே எழுத்தை மறுபடி மறுபடி அனுப்பும் என்பதால், பட்டியலில் ஏற்கெனவே அமுங்கியிருக்கும் கட்டை மறுபடி இறங்கினால் கண்டுகொள்ளாதீர்கள். மலிவான கீபோர்டுகளில் மூன்று எழுத்துகளைச் சேர்த்து அமுக்கும்போது ஒன்று காணாமல் போவதும் உண்டு, உள்ளே கம்பிகளைப் பின்னியிருக்கும் விதம் அப்படி. அதற்குப் புரோகிராமில் மருந்து இல்லை.

இதற்கு எழுதும் பகுதியும் அதே ‘இறங்கியது’, ‘எழுந்தது’ என்ற இரண்டைத்தான் வெளியே கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பின்னால் உண்மையான கீபோர்டு வரும்போது மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. பழைய கீபோர்டில் யுஎஸ்பி இல்லாமல் ஐந்து முள் வட்ட சாக்கெட் மட்டும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டையும் இணைக்கும் கேபிள் தனியாகக் கிடைக்கிறது. மாட்டும்போது கீபோர்டின் அவுட் சாக்கெட்டிலிருந்து வரும் செய்திதான் கணினிக்குள் போக வேண்டும். எதுவும் வரவில்லை என்றால் முதலில் இன், அவுட் இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள், சில கேபிள்களில் எழுதியிருப்பது எந்தப் பக்கத்தைக் குறிக்கிறது என்பது குழப்பமாக இருக்கும்.

புரோகிராமை மூடும்போது செய்ய வேண்டியவை இரண்டு. ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், அப்புறம் போர்ட்டை மூடுங்கள். நடுவில் பிழை வந்து புரோகிராம் நின்றாலும் இது நடக்கும்படி எழுதுங்கள். பாதியில் செத்த புரோகிராம் பின்னணியில் தொங்கிக்கொண்டு போர்ட்டைப் பிடித்திருந்தால் அடுத்த முறை திறக்காது, அதைத் தேடிப்பிடித்து நிறுத்தினால்தான் கீபோர்டு மறுபடி உங்கள் கைக்கு வரும்.